முன்னூற்றுப் பதினேழாவது வீட்டின் இருட்டு

1966-ஆம் வருஷம் ஜூன் மாதம் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறே முக்கால் மணிக்கு, செவல்குறிச்சி ஊரில் முன்னூற்றுப் பதினாறு வீடுகளில் ஒரே நேரத்தில் மின்விளக்கு எரிந்தது. முன்னூற்றுப் பதினேழாவது வீடு, அத்தனை வீட்டுக்கும் கம்பி இழுத்துக் கொடுத்த வயர்மேன் ஆவுடையப்பனுடையது. அதில் மட்டும் எரியவில்லை.

எப்படி அப்படி ஆயிற்று என்பதில் ஊருக்குள் இரண்டு பேச்சு கிடையாது. விளக்கு வைக்கிற நேரத்தில் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் விளக்கேற்ற வேண்டும், இல்லாவிட்டால் முன்வாசலில் வருகிற லட்சுமி பின்வாசல் வழியே போய்விடுவாள் என்பது அங்கே வழக்கம். குத்துவிளக்குக்கும் அரிக்கேன் விளக்குக்கும் செய்ததையே குண்டு பல்புக்கும் செய்தார்கள். முன்னூற்றுப் பதினாறு வீட்டிலும் பெண்கள் கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, முடியை அள்ளி முடிந்துகொண்டு, சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றார்கள். பல்பு எரிந்ததும் எல்லாரும் கும்பிட்டார்கள். அதுவரை சிம்னி விளக்குக்கு எட்டாமல் குதிருக்குப் பின்னாலும் ஜன்னலில்லாத அரங்கு வீட்டுக்குள்ளும் உத்தரத்து மேலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த இருட்டு, பின்பக்கம் வழி அடைபட்டுப் போனதால் முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கியது. தெருவிலும் அப்போதுதான் போஸ்ட் விளக்கு எரிந்தது. இறங்கிய இருட்டு மேலத்தெருவிலிருந்து கீழத்தெரு வரை ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போய், ஊர்க்கோடியில் ஆளில்லாமல் திறந்து கிடந்த ஒரு வீட்டைக் கண்டு உள்ளே நுழைந்துகொண்டது. அந்த வீட்டுக்காரர் அந்நேரம் குளத்தங்கரை ட்ரான்ஸ்பார்மரடியில் நின்றார். கல்யாணமாகி மூன்று மாதமே ஆன அவர் மனைவி செண்பகவடிவு, கோயில் முன்னால் போட்டிருந்த டியூப்லைட்டைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்களோடு போயிருந்தாள்.

ட்ரான்ஸ்பார்மரிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் ஆவுடையப்பன் முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வாசலிலும் ஜனங்கள் அண்ணாந்து பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்தவர்களின் முகத்தை அன்றுதான் முழுசாகப் பார்ப்பது போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிற்பாடு அவர் வாழ்க்கையில் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த அரை மைல் நடையே காரணம்.

வீட்டுக்குள் சுவிட்சைப் போட்டார்.

"வெளிச்சத்த எங்கங்க?" என்றாள் செண்பகவடிவு.

"ஃப்யூஸ் போயிருக்கும்."

ஃப்யூஸ் போகவில்லை. பல்பைத் தொட்டுப் பார்த்தார், விரல் சுட்டது. மீட்டர் பெட்டியில் காது வைத்தால் உள்ளே சக்கரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அடுப்பைப் பற்ற வைத்தால் சூடு முகத்தில் அடித்தது, உலை கொதித்தது, நெருப்பு மட்டும் தெரியவில்லை. விடிந்து வெயில் ஏறியபோது அது நிலைப்படி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. ஒரு வாரம் கழித்துக் கரண்ட் ஆபீஸிலிருந்து வந்த உதவிப் பொறியாளர், வெளியே எரிந்த டார்ச் உள்ளே தெரியாமல் போவதை மூன்று தடவை போய் வந்து சோதித்துவிட்டு, வாசல் வெளிச்சத்தில் நின்று எழுதினார்: 'மின் இணைப்பு சரியாக உள்ளது. மின்சாரம் வருகிறது. வெளிச்சம் வருவது துறையின் பொறுப்பில் இல்லை.' அந்தக் காகிதத்தில் ஆவுடையப்பன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஊர் அதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. முதலில் வந்தவர் ஸ்டூடியோ வைத்திருந்த ஞானதிரவியம். பிலிம் கழுவத் தன் கடையில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்துச் சலித்துப் போயிருந்த மனுஷன், கையில் தட்டுகளோடு வந்து நின்று, "வயர்மேன், ஒங்க வீட்டு அடுக்களையில ஒரு மூலை போதும். ஊசிமுனை வெளிச்சம் வரக்கூடாது, அம்புட்டுத்தான்," என்றார்.

"அதுக்கு இங்க கொறச்சலே இல்ல," என்றாள் செண்பகவடிவு.

அவருக்குப் பின்னால் வாழைக்காய் வியாபாரி தார்களைப் பழுக்கப் போட இடம் கேட்டு வந்தார். கண்வலி கண்டவர்களும் தலைநோவுக்காரர்களும் வந்தார்கள். டியூப்லைட் வந்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று என்று வாத்தியார் ஒருவர் தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். முந்தி தங்கள் வீட்டு இருட்டில் விழுந்து தொலைந்த சாமான்களைத் தேடிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். இருட்டு தன்னோடு எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்ததால் மூக்குத்தித் திருகாணி, தாயக்கட்டை, ஒரு பால்பல் என்று கைக்குக் கிடைத்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள், பரீட்சையில் தோற்றவன், கூட்டுக் குடும்பத்தில் ஒரு வார்த்தை தனியாகப் பேச இடமில்லாத புருஷன் பெண்டாட்டி, ஊருக்கு முன்னால் அழமுடியாத ஆம்பிளைகள் என்று எல்லாரும் பட்டப்பகலில் வந்தார்கள். நிலைப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு "நாந்தான்" என்று மட்டும் சொல்வார்கள். எந்த நான் என்று கேட்பதில்லை என்பது செண்பகவடிவு ஏற்படுத்திய வழக்கம்.

இருட்டிலும் வித்தியாசம் இருந்தது. முன்னூற்றுப் பதினேழு வீட்டு இருட்டும் ஒன்றாகக் கலந்துவிடாமல், கல்யாண வீட்டில் விருந்தாளிகள் ஊர் ஊராகப் பிரிந்து உட்காருவது போல, வீட்டுக்குள் அங்கங்கே தனித்தனியாகத் தங்கியிருந்தது. நெல் வாசம் அடித்தால் பண்ணை வீட்டு இருட்டு. பிரம்பும் மையும் கலந்து அடித்தால் வாத்தியார் வீட்டு இருட்டு. ஜன்னல் ஓரத்தில் சில்லென்று இருந்தது யாரோ ஒரு பெண் பல வருஷம் ஒருவருக்காகக் காத்திருந்த அறையுடையது. ஆவுடையப்பன் அதற்குள் நடந்து நடந்து, எந்த வீட்டுக்குள்ளும் போகாமலே ஊரை முழுக்கத் தெரிந்துகொண்டார்.

1969-இல் மகள் பிறந்தாள். மங்கையர்க்கரசி என்று பெயர் வைத்து அரசி என்று கூப்பிட்டார்கள். குழந்தை தாயின் முகத்தை வாசலில் வைத்துப் பார்த்தது. தகப்பன் விடியுமுன் வேலைக்குப் போய் அந்திக்குத் திரும்புகிறவர். காற்றிலோ மழையிலோ கரண்ட் நின்றால் ஒரு மணி நேரத்துக்குள் கம்பத்தில் ஏறிச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. அரசிக்கு அப்பா என்றால் ஒரு குரல், ஈயமும் வியர்வையும் கலந்த ஒரு வாசம், இருட்டில் தலையைத் தடவுகிற காய்த்துப்போன ஒரு கை.

ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஒரு மாதம் கழித்து டீச்சரம்மா வீடு தேடி வந்து, நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு சொன்னார்: "எழுத்தெல்லாம் முத்து முத்தா எழுதுதா. ஆனா எழுதும்போது கண்ண மூடிக்கிடுதா. தொறன்னு சொன்னா எழுத்து மறந்துபோகுதுங்கா."

அன்று சாயங்காலமே செண்பகவடிவு மூட்டை கட்டினாள். மூன்று பேரும் கடையநல்லூருக்கு அவள் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள், ஆளில்லாத வீட்டில் இருக்கப் பிடிக்காத இருட்டு தெருவில் இறங்கித் தன் பழைய வீடுகளைத் தேடிப் போயிற்று. செவல்குறிச்சியில் பல்புகள் முதலில் ஆரஞ்சுப் பழம் போலவும் பிறகு மிளகாய்ப்பழம் போலவும் சிவந்து மங்கின. பஞ்சாயத்துத் தலைவர் உலகநாதன் தந்தி கொடுத்தார்: 'ஊர் இருண்டது. உடனே புறப்படு.' ஆவுடையப்பன் புறப்பட்டு வந்து வீட்டுக்குள் நுழைந்து, கால் நீட்டி உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் இருட்டு திரும்பி வந்தது. ஊரில் வெளிச்சம் வந்தது.

செண்பகவடிவு பின்னாலேயே வந்தாள். பிள்ளையார் கோயில் முன்னால் ஊரைக் கூட்டச் சொன்னாள். அதுவரை அந்த ஊர்க்கூட்டத்தில் பெண்பிள்ளை எழுந்து பேசியதில்லை.

"வீட்டுல ஒரு ஆளு இருந்தா அது சும்மா கெடக்கும். அந்த ஆளு இவுகளாத்தான் இருக்கணும்னு யாரு எழுதி வச்சா? இருட்டு ஒங்க எல்லாத்து வீட்டு இருட்டு. மொற போட்டுக்கிடுங்க. வீட்டுக்கு ஒரு நாள். வருசத்துக்கு ஒரு தடவதான வரும்?"

"நியாயந்தான தாயி," என்றார் உலகநாதன். எல்லாரும் நியாயம் என்றார்கள். முறை எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினார்கள்.

முதல் நாள் தலைவர் வீட்டு முறை. அவர் தன் வண்டிக்காரரை அனுப்பினார். வண்டிக்காரர் வாசலில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பீடி குடித்தாரே ஒழிய உள்ளே போகவில்லை. இரண்டாம் நாள் வீட்டில் மகள் பெரியவளாகியிருந்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருந்தார். நான்காம் நாள் வீட்டுக்காரர், தங்கள் வீட்டில் அந்தக் காலத்திலேயே பெட்ரோமாக்ஸ் இருந்ததால் தங்கள் இருட்டு அதில் கம்மிதான் என்று சொல்லி அனுப்பினார். ஐந்தாம் நாள் ஒருவரும் வரவில்லை, ஊர் மறுபடியும் சிவக்க ஆரம்பித்தது. பஸ் நிறுத்தத்தில் மனைவியோடும் மகளோடும் மூட்டையோடும் நின்ற ஆவுடையப்பன், தூரத்தில் கோயில் டியூப்லைட் துடிப்பதைப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் வழி பண்ணுனீக. நமக்கு ஒண்ணு பண்ணல," என்றாள் அவள்.

"நான் வந்துட்டா ஊரு இருண்டுரும் வடிவு."

"இருளட்டும். முந்தி இருட்டுலதான கெடந்தாக? செத்தா போயிட்டாக?"

"அன்னைக்கு அவுக மூஞ்சிய நீ பாக்கல."

"ஒங்க மூஞ்சிய ஒங்க மவ பாக்கல," என்றாள் செண்பகவடிவு. பஸ் வந்தது. அவர் மூட்டையை ஏற்றிக் கொடுத்தார். அரசி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அப்பா பேசுவதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பஸ் நகர்ந்தது.

அதன் பிறகு செண்பகவடிவு செவல்குறிச்சிக்கு வரவில்லை. புருஷனைப் பற்றிக் குறையாகவும் பேசவில்லை. கடையநல்லூரில் யார் கேட்டாலும், "அவுக டூட்டில இருக்காக," என்பாள். இருபத்தொன்பது வருஷம் அதையே சொன்னாள்.

வருஷங்கள் போயின. ஊரில் ரேடியோ போய் டேப் ரிக்கார்டர் வந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் டிவியில் ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க ஊரே தரையில் உட்கார்ந்தது. பிறகு வீட்டுக்கு வீடு டிவி வந்து, அழுகிறவர்கள் அதைப் பார்த்தே அழுதுகொண்டார்கள். வாழைக்காய் வியாபாரி பெரிய ஊரில் குளிர் அறை எடுத்தார். கண்வலிக்குச் சொட்டு மருந்து வந்தது. வாத்தியார் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போனார். ஞானதிரவியம் கலர் பிலிமை டவுனுக்கு அனுப்பிக் கழுவ ஆரம்பித்து, பிறகு பிலிமே இல்லாத காமிரா வாங்கி, ஒருநாள் தட்டுகளை எடுத்துப் போக வந்தவர், "முப்பது வருசம் ஒண்ணா இருந்துருக்கோம் வயர்மேன், ஒங்க அடுக்களை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டுப் போனார். "எனக்குந்தான்," என்று ஆவுடையப்பன் சொன்னபோது அவர் தெருமுனை தாண்டியிருந்தார். இருட்டைத் தேடி வந்த "நாந்தான்" என்ற குரல் வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று குறைந்து, 1999-இல் நின்றுபோயிற்று. நின்ற பிறகும் நிலைப்படிக்குப் பக்கத்தில் அவர் செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அவர் ஓய்வு பெற்றார். குடும்பம் இல்லாத வீட்டிலும் சுவிட்சை அணைக்கவில்லை. தினமும் சாயங்காலம் பல்பைத் தொட்டுப் பார்ப்பார். சூடு இல்லாவிட்டால் வேறு பல்பு மாட்டுவார். ஊரில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் ஏன் ஒருவர் இருக்க வேண்டும் என்பதே தெரியாது. பெரியவர்களுக்குத் தெரியும். மகள் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போனவர் ஒரு நாளில் திரும்பிவிட்டார். கல்யாண ஆல்பத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் தாங்காமல் எல்லாப் படத்திலும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். 2003-இல் செண்பகவடிவு மகள் வீட்டில் இறந்தபோதும் போனார். மூன்றாம் நாள் காலையில் செவல்குறிச்சியிலிருந்து போன் வந்தது. இழவு கேட்டுவிட்டு, "எப்ப வாரிய?" என்றார்கள். பதினாறாம் நாள் விசேஷத்தில் அவர் இல்லை. அரசி நான்கு வருஷம் அவரோடு பேசவில்லை. பிறகு ஒரு செல்போன் வாங்கி அனுப்பினாள். இருட்டில் அது ஒலித்தால் யார் என்று பார்க்க முடியாது. கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான் என்பதால் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்." "மாத்திரை?" "போட்டேன்." அதோடு வைத்துவிடுவாள்.

2012-இல் பகலிலேயே மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தது. அரை மணி, ஒரு மணி வெட்டுக்கெல்லாம் இருட்டு அசைந்ததில்லை. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு என்று ஆனதும், நாலாம் நாள் எழுந்து தெருவில் இறங்கி, இன்வெர்ட்டர் வாங்காத வீடுகளாகப் பார்த்து, பீரோவுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் பழைய இடங்களில் போய் உட்கார்ந்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தது. அந்த மூன்று மணி நேரமும் ஆவுடையப்பன் வீட்டுக்குள் வெயில் வந்தது.

எழுபத்திரண்டு வயதில் அவர் தன் வீட்டைப் பார்த்தார். சுவர் நீலம் என்று நினைத்திருந்தார், பச்சையாக இருந்தது. ஆணியில் 1966-ஆம் வருஷத்துக் காலண்டர் தொங்கியது. அடுக்களைச் சுவரில் ஓர் ஆள் இடுப்பு உயரத்தில், அடுப்புக்கரியால் வரைந்த படம் ஒன்று இருந்தது. நீளமாக ஒரு கோடு, அதில் கையை விரித்துக்கொண்டு ஓர் ஆள். கண் இரண்டும் முகத்துக்கு வெளியே விழுந்திருந்தன. இருட்டில் தடவித் தடவி வரைந்தது. அதற்குப் பக்கத்தில் சுவர் அகலத்துக்குக் கரி அப்பிக் கிடந்தது. அடுப்புப் புகை என்று நினைத்து அதன் ஓரத்தை ஈரத்துணியால் துடைத்தார். பிறகு படத்துக்கு எதிரில் உட்கார்ந்தார். போஸ்ட்டில் ஏறி நிற்கிற வயர்மேன். பிள்ளை அவரைத்தான் வரைந்திருக்கிறாள். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. இருட்டு மேலத்தெருவிலிருந்து நடந்து வந்து சேர எடுத்துக்கொள்கிற அரை நிமிஷம் மட்டும், தலைக்கு மேலே பல்பு எரிந்தது. அவர் கும்பிட்டார்.

முதல் தடவையாக அவர் மகளுக்குப் போன் செய்தார். "நீ வந்து பாக்கணும். காலைல ஒம்பதுலருந்து பன்னெண்டு வரைக்கும் பாக்கலாம்," என்றார். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கிற நேரம் சொல்வது போலிருந்தது என்று அரசி பிற்பாடு சொன்னாள்.

லீவு கிடைக்க அவளுக்கு நாலு மாதம் ஆயிற்று. வந்த அன்று மின்வெட்டு இல்லை. சமுதாயக்கூடம் திறக்க மந்திரி வருகிறார் என்று அன்று ஒரு நாள் மட்டும் முழுநேர மின்சாரம். ஒன்பது மணிக்குப் பழக்கத்தில் நிலைப்படி வரை வந்த இருட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றது. அரசி வாசலில் பையோடு நின்றாள். நாற்பத்து மூன்று வயது, தாயின் நெற்றி. அப்பா வெளியே வந்து வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"நாலு மணிக்கு எனக்கு பஸ்ஸுப்பா. நாளைக்கு ஆடிட். இன்னொரு நாள் பாத்துக்கலாம், விடுங்க."

"இன்னொரு நாளா?" என்றார் அவர். செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

குளத்தங்கரை ட்ரான்ஸ்பார்மர் ஹேண்டிலுக்கு ஒரு பூட்டு உண்டு. ஓய்வு பெற்ற அன்று திருப்பிக் கொடுக்க மறந்த சாவி ஒன்று அவர் அரைஞாண் கயிற்றில் இருந்தது. நாற்பத்தாறு வருஷமாக ஒரு மணி நேரம் அந்த ஊரை இருட்டில் விடாத மனுஷன், மந்திரி மேடையேறி முதல் வாக்கியம் பேசிக்கொண்டிருந்தபோது ஹேண்டிலை இறக்கினார். மைக் நின்றது.

பூலோகராஜ் ஓடி வந்தார். அவர்தான் இப்போதைய வயர்மேன். இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறப்போகிற பருத்த சரீரம். மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சி, என்ன காரியம் பண்ணிட்டிய! மந்திரி மேடையில நிக்காரு!"

"நிக்கட்டும். நான் எம்புட்டு வருசமா நிக்கேன்."

"என் வேலை போயிரும் அண்ணாச்சி."

"ஃபால்ட்டு, தேடிக்கிட்டிருக்கேன்னு சொல்லு. நாப்பது நிமிசம். அதுக்குள்ள கண்டுபிடிச்சிருதேன்னு சொல்லு." சாவியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "எம் மவ வந்துருக்கா, பூலோகராஜ்."

பூலோகராஜ் பிறந்தது செவல்குறிச்சியில்தான். முறை எழுதி ஒட்டியபோது நாலாம் நாள் வீடு அவர்களுடையது. அவர் செல்போனை எடுத்து, "ஃபால்ட்டு சார். பெரிய ஃபால்ட்டு. தேடிக்கிட்டிருக்கேன்," என்றார்.

நிலைப்படியில் காத்து நின்ற இருட்டு தெருவில் இறங்கிப் போயிருந்தது, வீட்டுக்குள் வெயில் விழுந்திருந்தது. அரசி அடுக்களைச் சுவருக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போஸ்ட்டுல நிக்கேன் பாத்தியா," என்றார்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது போஸ்ட் இல்லப்பா. கதவு. அம்மா வாசக்கதவுல நிக்கா. வெளிய நின்னாத்தான அவ தெரிவா."

ஆவுடையப்பன் தலையை ஆட்டினார். சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "நான் வரலையோ, அப்ப?"

"வந்திருக்கீங்களே." அவள் பக்கத்தில் அப்பிக் கிடந்த கரியைக் காட்டினாள். "இதுதான் நீங்க. ஒரு கொட்டாங்கச்சி நெறையக் கரி எடுத்துத் தேய் தேய்னு தேச்சேன். உள்ளங்கை எரிஞ்சுது. அம்மா வஞ்சா." பிறகு, "இந்த ஓரத்த யாரு தொடச்சது?" என்றாள்.

அவர் வலது கையை மடிக்குள் வைத்துக்கொண்டார்.

நாற்பது நிமிஷம் ஆனதும் பல்பு எரிந்தது. இருட்டு மேலத்தெருவிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. அந்த அரை நிமிஷத்தில் அரசி சுவரைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், இடது புருவத்துக்கு மேலிருந்த தழும்பை, முன்பல்லில் ஒன்று இல்லாததை, தன் மூக்கு அங்கே இருப்பதை. அவர் இந்தத் தடவை கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பிறகு நெல்லும் மையும் மண்ணெண்ணெயுமாக அது உள்ளே வந்து, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

"இருக்கீங்களா?" என்றாள் அரசி.

"இருக்கேன்," என்றார்.

அவள் நாலு மணி பஸ்ஸுக்குப் போகும் வரைக்கும் இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

மந்திரி கூட்டம் கெட்டதற்கு ஊர் அவர் மேல் ஒரு வாரம் கோபமாக இருந்தது. பிறகு மின்வெட்டு குறைந்தது, இன்வெர்ட்டர்கள் பெருகின, எல்.இ.டி. பல்புகள் வந்தன, சட்டைப்பையில் ஆளுக்கொரு விளக்கு வந்தது. 2016 ஆகஸ்ட் 24 அன்று ஆவுடையப்பன் இறந்தார். பால்காரர் "நாந்தான்" என்று கூப்பிட்டுப் பதில் வராததால் தெரிந்தது.

அரசி வந்து, பதினாறாம் நாள் வரை அந்த வீட்டிலேயே தங்கிக் காரியங்களைச் செய்தாள். அடுத்து அந்த வீட்டில் யார் இருப்பது என்று பேசக் கூட்டம் கூடியது. பத்துப் பேர்தான் வந்தார்கள். "அதெல்லாம் இப்ப ஒண்ணும் செய்யாது. ஆயிரம் லைட்டு இருக்கு," என்றார் உலகநாதனின் மகன். இருந்தாலும் எல்லாரும் வீட்டுக்குப் போய் எமர்ஜென்சி விளக்கைச் சார்ஜில் போட்டார்கள்.

புறப்படுகிற அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அரசி கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். முன்கதவின் இரண்டு பலகைகளையும் விரியத் திறந்தாள். வெளியே வந்து வாடகைக் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இன்னும் யாரும் வரணுமா?" என்றார் டிரைவர்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

கார் தெருமுனை திரும்பியபோது முன்னூற்றுப் பதினேழாவது வீட்டில் நாற்பது வாட் பல்பு எரிந்தது. ஐம்பது வருஷமாகச் சுவிட்ச் போட்டபடியேதான் இருந்தது. அந்தப் பக்கமாகப் போன இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். வயதான ஒருவர் கும்பிட்டார். மற்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். ஊரில் மற்ற விளக்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

2016 செப்டம்பர் 9 வெள்ளிக்கிழமை, கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், மங்கையர்க்கரசியின் வீட்டு ஸ்டோர் ரூமில் விளக்கு எரியவில்லை. அவள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவில்லை.